டீச்சர், நீங்க பாத்திட்டீங்களா?



நான் ஓர் உயிரியல் ஆசிரியை. எருக்கலம்பிட்டியிலிருந்து தலைமன்னார் பஸ்ஸில் ஏறி, பேசாலையில் இறங்கி, பாடசாலைக்கு நடந்து போகிறேன். பேசாலை கத்தோலிக்கக் கடற்றொழிலாளர்கள் நிறைந்த ஊர். என் உயர்தர வகுப்பில் 19 பிள்ளைகள். அவர்களில் மூவர் நம் பெண்பிள்ளைகள். மற்றவர்கள் கடற்கரைக் குடும்பங்களின் பிள்ளைகள்.

அந்த வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி, எங்கள் குடும்பத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக யாரும் பேசாதிருந்த ஒன்றைப் பேச வைத்தது. அதைத்தான் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு. உயிர்த்தொழினுட்பப் பாடம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பாடநூல் பரம்பரையலகு என்று சொல்வதைத்தான் பத்திரிகைகள் மரபணு என்று எழுதுகின்றன. அந்த மரபணுவை வெட்டித் திருத்தும் வித்தையை இன்றைய பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்து, அதற்கென்று மூன்று பாடவேளைகளை ஒதுக்கினேன்.

பக்டீரியாக்கள் தம்மைத் தாக்க வரும் வைரசின் டீ.என்.ஏ.யை வெட்டி எறிவதற்கு ஒரு கருவியை வைத்திருக்கின்றன. அதற்குக் கிரிஸ்பர் என்று பெயர். அந்தக் கருவியைக் கொண்டு நாம் விரும்பும் இடத்தில் டீ.என்.ஏ.யை வெட்டலாம் என்று 2012இல் காட்டியவர்கள், பிரான்சைச் சேர்ந்த இமானுவேல் சார்பெந்தியேயும் அமெரிக்காவைச் சேர்ந்த ஜெனிபர் டவுட்னாவும். 2020இல் இருவருக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு பேரும் பெண்கள் என்றதும் முன்வரிசைப் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அப்ப இது வலை பொத்துற மாதிரித்தானே டீச்சர்? கிழிஞ்ச கண்ணியக் கண்டுபிடிச்சு, அதை மட்டும் வெட்டித் திருப்பி முடியிறது" என்றான் ஒரு பையன். அவனுடைய தகப்பனார் வள்ளம் வைத்திருப்பவர். நான் வீட்டில் இருந்து யோசித்துக்கொண்டு போன உதாரணத்தை விட அவன் சொன்னது நன்றாக இருந்தது. அன்று முழுவதும் அதையே வைத்துப் பாடம் நடத்தினேன்.

உதாரணத்துக்குத் தலசீமியா நோயை எடுத்தேன். நம் குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். அதன் ஒரு பகுதியைச் செய்யச் சொல்லும் மரபணு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு பிரதிகள். ஒன்று பழுதாகி மற்றது நல்லதாக இருந்தால் அவர் காவி. காவிக்கு நோய் இல்லை. படிக்கலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம். இரண்டும் பழுதானால்தான் நோய். அந்தப் பிள்ளை பிறந்து சில மாதங்களிலேயே வெளிறத் தொடங்கும். கடுமையான நோயென்றால் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை வாழ்நாள் முழுதும் குருதி ஏற்ற வேண்டும்.

அந்த நோய்க்குத்தான் கிரிஸ்பர் முறையில் முதல் சிகிச்சை வந்திருக்கிறது. நோயாளியின் குருதியை உண்டாக்கும் மூலக்கலங்களை வெளியே எடுத்து, ஆய்வுகூடத்தில் திருத்தி, திரும்ப அவருக்கே ஏற்றுகிறார்கள். இதிலே ஒரு விசித்திரம், கிழிந்த கண்ணியை அவர்கள் தொடுவதே இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது சிசுவுக்கு வேறொரு வகை ஈமோகுளோபின் இருக்கிறது. பிறந்த பின் உடல் அதை நிறுத்திவிடும். அந்த நிறுத்தும் ஆளியைத்தான் வெட்டுகிறார்கள். பழைய ஈமோகுளோபின் மறுபடி உண்டாகத் தொடங்குகிறது. "பெரிய வள்ளம் பழுதானா, ஒதுக்கி வச்ச பழைய தோணிய இறக்கிற மாதிரி" என்றான் அதே பையன்.

2023 நவம்பரில் பிரித்தானியா இந்தச் சிகிச்சையை உலகில் முதலாவதாக அங்கீகரித்தது. பிறகு பஹ்ரைன், சவூதி அரேபியா, அமெரிக்கா முதலிய நாடுகளும் அங்கீகரித்தன. ஆய்வில் போதிய காலம் கவனிக்கப்பட்ட 42 தலசீமியா நோயாளிகளில் 39 பேருக்குக் குறைந்தது ஒரு வருடமாவது குருதி ஏற்றத் தேவை வரவில்லை. ஆனால் அது இலேசான சிகிச்சை அல்ல. திருத்திய கலங்களுக்கு இடம் விடுவதற்காக, முதலில் கடுமையான மருந்து கொடுத்து என்பு மச்சையை வெறுமையாக்க வேண்டும். அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர்.

ஒரு பிள்ளை கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டாள். "டீச்சர், 66 கோடி ரூபா!" வகுப்பு அமைதியாகிவிட்டது. "எங்கட கரையில நிக்கிற எல்லா வள்ளத்தையும் வித்தாலும் காணுமா?" என்று யாரோ பின்னால் கேட்டார்கள்.

அடுத்த பாடவேளை முழுவதும் நன்மை தீமை பற்றிய விவாதம். 2018இல் சீனாவில் ஹீ ஜியான்குய் என்ற விஞ்ஞானி, எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கருவிலேயே மரபணுவை வெட்டினார். இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்தன. உலகமே கண்டித்தது. 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்று வருடச் சிறைத்தண்டனை விதித்தது. நோயாளி ஒருவரின் குருதியைத் திருத்தினால் அது அவரோடு முடிந்துவிடும். கருவைத் திருத்தினால் பிழையும் சேர்ந்து பேரன் பூட்டன் வரை போகும். கேட்கப்பட வேண்டிய அந்தச் சந்ததிகள் இன்னும் பிறக்கவே இல்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

"படைச்சவன்ட வேலையில நாங்க கை வைக்கலாமா?" என்று நம் பிள்ளை ஒருத்தி கேட்டாள். அதே கேள்வி மற்றப் பக்கத்திலிருந்தும் வந்தது. "நீங்கள் மௌலவியிடம் கேளுங்கள், நீங்கள் பாதரிடம் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு நானும் தேடினேன். மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹு சபை 1998இல் இதைப் பற்றித் தீர்மானம் எடுத்திருக்கிறது. நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும் இந்த அறிவைப் பயன்படுத்தலாம், அதனால் பெரிய தீங்கு வரக்கூடாது, மனிதனின் ஆளுமையோடு விளையாடக்கூடாது என்பது அதன் சாரம். வத்திக்கானின் 2008ஆம் ஆண்டு ஆவணமும் நோயாளியின் உடற்கலங்களைத் திருத்துவதை ஏற்றுக்கொண்டு, சந்ததிக்குக் கடத்தும் திருத்தத்தை இன்றைய நிலையில் மறுக்கிறது. இரண்டு பக்கப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே பதிலோடு திரும்பி வந்ததில் அவர்களுக்கே ஆச்சரியம்.

மூன்றாவது பாடவேளை முடியப் பத்து நிமிடம் இருந்தது. நான் தைரியமாகச் சொன்னேன்: "66 கோடி நமக்கு எட்டாது. ஆனால் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை எட்டும். கலியாணத்துக்கு முதல் ஆணும் பெண்ணும் தாம் காவியா என்று பார்க்க வேண்டும். இரண்டு காவிகள் முடித்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. அதுவும் சொந்தத்துக்குள் முடிப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்."

கடைசி வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். அதிகம் பேசாதவள். அவளுடைய தாய் கருவாடு காயவைத்து விற்பவர்.

"டீச்சர், நீங்க பாத்திட்டீங்களா?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டாள். "பெல் அடிக்கப் போகுது, புத்தகத்தை எடுத்து வையுங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து காற்றாலைகளைப் பார்த்தபடி வந்தேன். மனம் அந்தக் கேள்வியிலேயே நின்றது. ஏனென்றால் நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவர்களில் முதல் ஆள் நான்தான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் ஏறி கற்பிட்டியில் இறங்கினோம். ஆலங்குடாவில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தோம். அகதி முகாமில் கலியாணம் பேசுவதென்றால் சொந்தத்துக்குள்தான். வீடு வாசல் இழந்தவரிடம் சீதனம் கேட்காதவர் சொந்தக்காரர் மட்டும்தான் என்ற காலம். என் நானாவுக்கு மாமாவின் மகளை முடித்து வைத்தார்கள். மூத்தவன் சுகமாகப் பிறந்தான். 2000ஆம் ஆண்டு பிறந்த இளையவனுக்கு எட்டு மாதத்தில் தலசீமியா என்று சொன்னார்கள்.

அதன் பிறகு மச்சியின் வாழ்க்கை, புத்தளத்துக்கும் குருநாகலுக்கும் இடையில் ஓடும் பஸ்தான். நம் நாட்டின் பெரிய தலசீமியா நிலையம் குருநாகலில் இருக்கிறது. மாதம் தவறாமல் போய் வந்தாள். ஏற்றும் குருதியோடு இரும்பும் சேர்ந்து உடலில் தங்கிவிடும். அதை வெளியேற்ற இரவில் வயிற்றுத் தோலுக்குக் கீழே ஊசி குத்தி, சின்னப் பம்பியைக் கட்டி, விடியும் வரை மருந்து ஏற்ற வேண்டும். வாரத்தில் ஐந்தாறு இரவு. பிள்ளை அழுவான், மச்சியும் அழுவாள், ஊசி மட்டும் தவறாது. அவன் உடம்பில் ஓடியது முகம் தெரியாத சிங்களவர்களும் தமிழர்களும் முஸ்லிம்களும் கொடுத்த இரத்தம். "எனக்கு இந்த நாடெல்லாம் சொந்தக்காரர்" என்று பெரியவனான பிறகு பகிடியாகச் சொல்வான்.

2017இல், பதினேழு வயதில், இதயம் பலவீனமாகி வபாத்தானான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இதில் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. நோய் தெரிந்த புதிதில் என் உம்மா சொன்னார்: "எங்கட பக்கத்துல இப்படி ஒண்டும் இருக்கல்ல. இது என்ட தம்பி முடிச்சவள்ட பக்கத்தால வந்தது. இவள்ட இரத்தம்தான் பழுது." தாயும் தகப்பனும் இரண்டு பேருமே காவியாக இருந்தால்தான் இந்த நோய் வரும் என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதாவது என் நானாவும் காவி. நானாவுக்கு அது உம்மாவிடமிருந்தோ வாப்பாவிடமிருந்தோ வந்ததுதான். நான் அப்போதுதான் உயர்தரத்தில் உயிரியல் எழுதியிருந்தேன். மெண்டலின் விதிகளைத் தலைகீழாகச் சொல்வேன். ஒரு நாள் கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த மச்சி என்னைப் பார்த்து, "நீ படிச்சவதானே, டொக்டர் சொன்னத மாமிக்கு ஒருக்கா விளங்கப்படுத்தேன்" என்றாள்.

நான் விளங்கப்படுத்தவில்லை. உம்மாவோடு வாய் கொடுக்கப் பயம். நானாவுக்கு இன்னொரு கலியாணம் முடித்து வைத்தால் நல்ல பிள்ளை கிடைக்கும் என்று குடும்பத்தில் சிலர் பேசியபோதும் பேசாமல்தான் இருந்தேன். நல்ல வேளை, நானா அதைக் காதில் போடவில்லை. ஆனால் மச்சி அதற்குப் பிறகு பயத்தில் பிள்ளை பெறவே இல்லை.

காலம் ஓடியது. 2010இல் நாங்கள் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்தோம், நானா குடும்பம் புத்தளத்திலேயே தங்கிவிட்டது. அந்த மூத்தவனுக்கு என் மகளைக் கேட்டு வந்திருந்தார்கள். மாமா மகனும் மாமி மகளும். உம்மாவுக்குக் கொள்ளை ஆசை. நல்ல பையன், தொழுகையாளி, உழைப்பாளி. மகளுக்கும் விருப்பம் என்று அவள் முகத்தில் தெரிந்தது. தம்பிக்கு நோய் தெரிந்த காலத்திலேயே அவனைப் பரிசோதித்து, அவன் காவி என்று சொல்லியிருந்தார்கள். "அவனுக்கு நோய் இல்ல" என்பதை மட்டும் நாங்கள் பிடித்துக்கொண்டோம். இந்தப் பேச்சு தொடங்கி இரண்டு வாரத்தில்தான் வகுப்பில் அந்தப் பிள்ளை கையை உயர்த்தினாள்.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். "அப்ப பாக்கத்தானே வேணும்" என்றார். அவர் சொந்தமல்லாதவர், அவருக்கு அது இலேசாக இருந்தது. உம்மாதான் கோபப்பட்டார். "சொந்தப் புள்ளைக்கு இரத்தம் பாக்கிறதா? நாலு பேர் கேட்டா என்ன சொல்ற? குமருக்குப் பேர் கெட்டுப் போகும்." இந்த முறை நான் வாயைத் திறந்தேன். டொக்டர் சொன்னதை, இருபத்து நான்கு வருடம் பிந்தி, உம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். உம்மா எதுவும் பேசாமல் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மகளும் நானும் கணவரும் இளைய மகனும் போய் இரத்தம் கொடுத்தோம். முதலில் செய்வது சாதாரணப் பரிசோதனைதான். செங்குருதிக் கலங்கள் அளவில் சிறியவையாக இருந்தால், ஈமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் அடுத்த பரிசோதனை. சில வாரங்களில் முடிவு வந்தது. கணவர் காவி அல்ல. இளையவனும் அல்ல. நான் காவி. என் மகளும் காவி.

சின்ன வயது முதல் எனக்கு "இரத்தம் குறைவு" என்று சொல்லி எத்தனை இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள்! காவிகளுக்கு இந்த மயக்கம் அடிக்கடி நேர்வதுண்டாம். மகள் கடதாசியைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனாள். இரவு சாப்பிட வரவில்லை.

நானாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு தொடர்பு நின்றுவிட்டது. ஐந்து நாள் ஒரு பேச்சும் இல்லை. உறவு அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆறாம் நாள், புத்தளத்திலிருந்து மச்சி தனியாக வந்து வாசலில் நின்றாள்.

"நான் வேணாமெண்டு சொல்லத்தான் வந்தன்" என்றாள். "போன்ல சொன்னா நீங்க நான் கோவத்துல சொல்றன் எண்டு நினைப்பீங்க. என்ட மகன் எனக்குத் தேவையில்லாத புள்ள இல்ல. அல்லாஹ் தந்த பதினேழு வருசத்துல ஒரு நாளையும் நான் வேணாமெண்டு சொல்லமாட்டன். ஆனா அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டு இன்னொரு புள்ளைய நான் அந்த ஊசிக்குக் குடுக்க மாட்டன்."

நான் அவள் கையைப் பிடித்து, கிணற்றடியில் அன்று பேசாதிருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். "நீ அண்டைக்கு ஒரு சொல் சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் இலேசா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு உள்ளே போய் என் மகளோடு வெகுநேரம் இருந்தாள். உம்மா எழுந்து வந்து மச்சிக்குத் தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் உம்மாவின் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் மச்சி அந்தத் தேநீரைக் குடித்தாள்.

மகளின் மனம் ஆற நாளெடுத்தது. இப்போது வேறொரு இடம் பேசி வந்திருக்கிறார்கள். முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டோம். பையன் பரிசோதிக்கச் சம்மதித்திருக்கிறான்.

அடுத்த தவணையில் அதே வகுப்பில், கடைசி வாங்கைப் பார்த்துச் சொன்னேன்: "நான் பாத்திட்டன். நான் காவி." இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இடைவேளையில் அந்தப் பிள்ளை வந்து, தன் அக்காவுக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டாள்.

சகோதரிகளே, நான் தெரிந்துகொண்ட சிலவற்றை உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன்.

காவி என்பது நோயுமல்ல, குறையுமல்ல. நம் நாட்டில் ஆயிரக்கணக்கானோர் அல்ல, இலட்சக்கணக்கானோர் தாம் காவி என்று தெரியாமலே சுகமாக வாழ்கிறார்கள். காவி, காவியல்லாதவரை முடித்தால் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது.

பிள்ளைக்கு நோய் வந்தால் தாயை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் அந்த நோய் வரும். எத்தனை மருமகள்மார் செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து வாழ்கிறார்களோ!

"நாலில் ஒன்று" என்றால், ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை என்று அர்த்தமல்ல. ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்றுதான்.

நம் நாட்டுச் சட்டம் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆகவே யோசிக்க வேண்டிய நேரம் நிக்காஹுக்கு முந்தியதுதான். ஈரானில் 1997 முதலும் சவூதி அரேபியாவில் 2004 முதலும் திருமணத்துக்கு முன் இந்தப் பரிசோதனை கட்டாயம். முடிவைத் தெரிந்த பிறகு முடிப்பதா விடுவதா என்பது அந்த இருவரின் பொறுப்பு. தெரியாமல் முடிப்பதுதான் அநியாயம்.

மாப்பிள்ளை பார்க்கும்போது வீடு கேட்கிறோம், நகை பேசுகிறோம், குலம் கோத்திரம் விசாரிக்கிறோம். அதோடு ஒரு துளி இரத்தத்தையும் கேட்டால் யாருக்கும் மானம் போய்விடாது. மரபணுவைத் திருத்தும் அந்த 66 கோடி ரூபாச் சிகிச்சை ஒருநாள் மலிந்து பேசாலைக்கும் புத்தளத்துக்கும் வரட்டும் என்று துஆச் செய்வோம். அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், நமக்கு உரிய நேரத்தில் வாய் திறக்கும் துணிவையும் தருவானாக. ஆமீன்.